அபூ ஜனாஹின் கடைசிக் கட்டம்

பழைய விளையாட்டுகளைத் தட்டை டிவியில் ஆடக் கூடாது. படம் மங்கலாக இழுபடும். பொத்தானை அழுத்தினால் ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். பின்பக்கம் தொந்தி தள்ளிய பழைய குழாய் டிவிதான் அதற்குச் சரி. அண்ணன் அந்த டிவியைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததும் அதனால்தான். நேற்று உங்கள் ஆட்கள் அதை எடுத்துப்போகும்போது படிக்கட்டுச் சுவரில் இடித்துவிட்டார்கள். நான் பார்த்தேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலில் ஒரு கேசட் இருந்தது.

சண்டை ஓய்ந்து பெய்ரூட்டில் கடைகள் மறுபடி திறந்த சமயம், அண்ணன் தானியூஸின் பிறந்தநாளுக்கு அப்பா ஒரு அட்டாரி வாங்கி வந்தார். எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் எங்கள் தெருவில் அதற்கு அட்டாரி என்றுதான் பெயர். கூடவே வந்தது அந்த ஒரே கேசட். ஊதா முகமூடி போட்ட, முதுகில் இறக்கை முளைத்த ஒருவன் ஊரைக் காப்பாற்றும் விளையாட்டு. மேலே ஒட்டியிருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்தோ. எங்களால் படிக்க முடியாததால் நாங்களே அவனுக்கு அபூ ஜனாஹ் என்று பெயர் வைத்தோம். இறக்கைக்காரன் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும்.

முதல் கன்ட்ரோலரைப் பிடிப்பவன் அபூ ஜனாஹ். இரண்டாவதைப் பிடிப்பவன் அவனுடைய எடுபிடி. எடுபிடிக்கு இறக்கை கிடையாது, தரையில் ஓடுவான். அவன் செத்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், அடுத்த நொடி மறுபடி வந்து நிற்பான். அபூ ஜனாஹ் செத்தால்தான் ஆட்டம் முடியும். பெட்டி அண்ணனுடையது என்பதால் முதல் கன்ட்ரோலர் அவனுக்கு. அது நியாயம்தான்.

அந்தக் கேசட்டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழி இல்லை. அணைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, பெட்டியை அணைக்காமல், மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். திரும்பி வந்து பார்த்தால் கரண்ட் போயிருக்கும். அபூ ஜனாஹுக்கு எத்தனையோ எதிரிகள், ஆனால் அவனை ஒவ்வொரு முறையும் கொன்றது நம்முடைய மின்சார வாரியம். கடைசிக் கட்டத்தை நாங்கள் எட்டியதுண்டு, முடித்ததில்லை. தெருவில் யாருமே முடித்ததில்லை.

அதற்குப் பிறகு புதுப்புதுப் பெட்டிகள் வந்தன. அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கினான், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு முகமூடி வீரன் இருந்தான். இரண்டாவது பெட்டியில் வீரன் நன்றாக வளர்ந்து தோள் அகன்றிருந்தான், எடுபிடி பாதி உயரத்துப் பொடியனாகிவிட்டான். வட்டுப் போடும் பெட்டி வந்தபோது தீப்பெட்டி அளவு மெமரி கார்டும் வந்தது, கரண்ட் போனாலும் கவலை இல்லை. ஆனால் அதில் இரண்டாவது ஆள் என்பது வீரனின் தலையைச் சுற்றும் ஒரு குருவி. ஒரே பொத்தான், அதை அழுத்தினால் கத்தும். அடுத்ததில் வீரன் கோபுரத்து உச்சியிலிருந்து விழுந்தால் தெருதான் பிளந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக வாங்கியதில் இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லை. அண்ணன் ஆடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இடது பக்கம் ஒருத்தன் வர்றான்" என்று சொல்லுவேன்.

நான் குறை சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் இளைய அதிகாரி, பொறாமையா என்று கேட்டார். இல்லை. அண்ணன்மேல் எனக்குப் பிரியம் அதிகம். அவன் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போன பிறகும் ஞாயிறு தவறாமல் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்.

சென்ற ஆண்டு அவன் நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. குளிர்காலத்துக்குள் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு விட முடியாது என்ற நிலை. அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. அரசாங்கக் கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். போனதும், தெருமுனை அபூ ஷாதி தன் ஜெனரேட்டரை ஓடவிடுவான். நடுவில் ஒரு காபி கொதிக்கிற நேரம் இருட்டு. அந்த நேரத்துக்காகத்தான் அண்ணி நவால் தன் வளையல்களை விற்று ஒரு யூபிஎஸ் வாங்கினாள். அதில் வயர் செருக இரண்டு துளை. பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் அவசரத்துக்கென்று ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் நின்றது. அதைத் திறக்க எனக்குக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு திருகு, அவ்வளவுதான்.

அண்ணி பேக்கரியில் வேலை. என் கடை மூடிக் கிடந்ததால், பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனே அந்தப் பழைய பெட்டியைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னான். தூசி தட்டி, கேசட்டை ஊதிப் போட்டோம். முதல் கன்ட்ரோலர் வழக்கம்போல அவன் கையில். குதிக்க வேண்டிய இடத்தில் அவன் விரல் பிந்தியது. முதல் கட்டத்திலேயே அபூ ஜனாஹ் பள்ளத்தில் விழுந்தான்.

"இந்தக் கழுதைக்கு வயசாயிடுச்சுடா" என்றான் அண்ணன். பிறகு கன்ட்ரோலரை என் மடியில் போட்டான். "எடு. இன்னைக்கு நீதான் அபூ ஜனாஹ்."

"நெஜமாவா அண்ணே?"

"நெஜமாத்தான். ஆனா செத்தேன்னா திருப்பிக் குடுத்துடணும். மொத கன்ட்ரோலர் என்னோடது, மறந்துடாத." மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தான். "கடைசியில என்னதான்டா இருக்கு அதுல? செத்துப்போறதுக்குள்ள ஒரு தடவை காட்டிடு."

இந்த வாக்கியத்தை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவன் கேட்டான். நான் கேட்கவில்லை.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நாற்பத்தைந்து வயது ஆளுக்கு இதில் என்ன மகிழ்ச்சி என்று நீங்கள் நினைக்கலாம். முதல்முறையாக மேலே பறந்து போனபோது, கீழே தெரு இவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. சாகாமல் ஆடினேன். பாதிக் கட்டங்கள் தாண்டியதும் அண்ணி வரும் நேரமானது. ஆட்டத்தை நிறுத்தி வைத்து டிவியை மட்டும் அணைத்தேன்.

பெட்டியை அணைக்க முடியாது அல்லவா. கரண்ட் போனாலும் அது ஓட வேண்டும். அதனால் நான் ஆடத் தொடங்கும் முன்பே யூபிஎஸ்ஸிலிருந்து ஆக்சிஜன் மெஷினின் வயரைக் கழற்றிச் சுவரில் செருகியிருந்தேன். அந்த இரண்டு துளைகளில் டிவியையும் பெட்டியையும் செருகியிருந்தேன். யூபிஎஸ் டிவி மேசைக்குப் பின்னால் இருந்தது. எல்லா வயரும் கறுப்புதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இதில் பெரிய ஆபத்து இல்லை. கரண்ட் போகும், ஜெனரேட்டர் வரும், நடுவில் அந்தக் காபி நேரம் மட்டும் அண்ணனுக்கு மெஷின் இருக்காது. அவனால் அதைத் தாங்க முடியும் என்பது திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. தாங்கினான். உதடு கொஞ்சம் நீலமாகும், கண் கொஞ்சம் பிதுங்கும், பிறகு சரியாகிவிடும்.

அன்று மாலை அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"மிலாத், நேத்து ராத்திரி ரெண்டு தடவை தெணறிட்டாருடா. விசிறி வெச்சு வீசிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். நோவு முத்திடுச்சோ?"

"டாக்டருக்குப் போன் பண்ணிப் பாருங்க அண்ணி" என்றேன்.

"ஆமா, அந்தத் துணிக்கடியில சிவப்பா ஒண்ணு எரியுதே, அது என்னது?"

"பழைய அட்டாரி. அணைக்காதீங்க, அண்ணன் ஆசையா ஆடிட்டிருக்கான்."

"ரெண்டும் தடிமாடு. இன்னும் வெளையாட்டு போகல" என்று சொல்லி என் தலையில் தட்டினாள். அவள் நல்லவள். டாக்டர் போனிலேயே ஆக்சிஜன் அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம். நோய் முற்றியதாக அவள் நினைத்தாள், இருட்டில் மெஷின் கூவியதை யூபிஎஸ்ஸுக்கு மாறும் சத்தம் என்று எடுத்துக்கொண்டாள், நான் மறுக்கவில்லை. டாக்டர் சொல்லும்போது நடுவில் பேச நான் யார்?

புதன்கிழமை காலை கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். அண்ணன் என் பக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்தான். மூக்கில் குழாய், மடியில் இரண்டாவது கன்ட்ரோலர். அவன் எடுபிடியை அசைக்கவில்லை, அது திரையின் ஓரத்தில் சும்மா நின்றது. கோபுரத்தின் மேல் அந்த இரும்பு அரக்கன் வந்தான். அப்போது மின்விசிறி நின்றது.

டிவி நிற்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சின்ன வயதில் இதே இடத்தில் திரை கறுத்துப்போகும், அண்ணன் சுவரில் குத்துவான். இந்த முறை அபூ ஜனாஹ் பறந்துகொண்டே இருந்தான்.

ஆக்சிஜன் மெஷின் கரண்ட் போனதும் கூவும். அந்தச் சத்தத்தில் கவனம் சிதறியது, அதனால் எட்டி அதன் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன்.

ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நிறுத்தலாம். ஆனால் நிறுத்தி வைத்த ஆட்டமும் யூபிஎஸ்ஸின் அதே பேட்டரியைத்தான் தின்னும். ஜெனரேட்டர் வருவதற்குள் தீர்ந்துவிட்டால் எல்லாம் போயிற்று. ஆகவே விரைந்து முடிப்பதுதான் சரி. வயரை மாற்றிச் செருகலாமே என்றால், மாற்றும் அந்தக் கணத்தில் பெட்டி அணைந்துவிடும். சிலிண்டர் பக்கத்து அறையில் இருந்தது. இரண்டு கையும் கன்ட்ரோலரில் இருந்தன. நிதானமாக யோசித்தால் உங்களுக்கும் வேறு வழி தெரியாது.

"டேய்" என்றான் அண்ணன்.

"இதோ முடிஞ்சுடுச்சு அண்ணே. அவனுக்கு இன்னும் கொஞ்சம்தான் உயிர் இருக்கு."

அவன் என் தோளைத் தட்டினான். சின்ன வயதில் நான் அப்படித்தான் அவன் தோளைத் தட்டுவேன், உற்சாகப்படுத்த. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மறுபடியும் தட்டினான். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நகம் பட்டது. நீங்கள் படம் எடுத்த கீறல் அதுதான், சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கையை விலக்கிவிட்டு ஆடினேன். கன்ட்ரோலரைத் திருப்பிக் கேட்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். நான் இன்னும் சாகவில்லையே. பேச்சு அப்படித்தானே.

அபூ ஷாதியின் செய்தியைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. அன்று விடிந்ததும் அவன் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "டீசல் வரல. சாயங்காலம் வரைக்கும் ஜெனரேட்டர் ஓடாது. வீட்ல மெஷின் வெச்சிருக்கிறவங்க இப்பவே ஏற்பாடு பண்ணிக்குங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க." நான் கேட்டேன். முழுவதும் கேட்டேன்.

அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "என் போன்ல நெட் தீந்துபோச்சு. அபூ ஷாதி ஏதாவது போட்டானா?"

"ஒண்ணும் போடல அண்ணி. நீங்க போயிட்டு வாங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் வேலைக்குப் போயிருக்க மாட்டாள். சிலிண்டரை உருட்டி வந்திருப்பாள், யூபிஎஸ்ஸைச் சோதித்திருப்பாள், வயரை மாற்றியிருப்பாள். அண்ணன் பிழைத்திருப்பான். ஆட்டம் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் கன்ட்ரோலர் யார் கையில் இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே சொல்லவில்லை. இரண்டையும் எடைபோட்டுத்தான் சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கொலை என்ற சொல்தான் கொஞ்சம் பெரிதாகப் படுகிறது. ஆனால் எழுதுவது உங்கள் வேலை.

அரக்கன் விழுந்தான். கோபுரம் சரிந்தது. அபூ ஜனாஹ் ஒரு மொட்டைமாடியில் வந்து நின்று முகமூடியைக் கழற்றினான். எங்கள் தெருவில் அந்த முகத்தைப் பார்த்த முதல் ஆட்கள் நானும் அண்ணனும்தான். சாதாரண முகம். அவ்வளவு சின்னத் திரையில் கண்ணும் மூக்கும் நாலைந்து புள்ளிகள். பிறகு புரியாத எழுத்து இரண்டு வரி வந்தது. பிறகு ஆட்டம் தானாகவே முதல் கட்டத்துக்குப் போய்விட்டது.

"பாத்தியா அண்ணே?" என்றேன்.

அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சட்டையை விட்டிருந்தான். சொன்னபடி காட்டிவிட்டேன் என்ற நிம்மதியில் நான் கொஞ்ச நேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யூபிஎஸ்ஸில் அப்போதும் பேட்டரி மிச்சம் இருந்தது.

அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். பரவாயில்லை, துக்கத்தில் இருக்கிறாள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அண்ணன் கடைசிவரை பார்த்தான், கண் திறந்தேதான் இருந்தது. கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.