ஓர் ஆள் குடியிருக்கும்வரை

நடுப்பகல் ஒரு மணி. ஆளரவமே இல்லாத மண் சாலை. சாலை முடிகிற இடத்தில் ஒரு பள்ளம்... பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஊர்.

ராத்திரி வந்தால்தான் பேய் என்று நினைத்து இங்கே ஒண்டிக்கொண்டிருப்பவர்கள், நாளைக்கு வெயிலிலும் கொஞ்சம் பார்த்து நடங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. என் நண்பனுடைய அக்காள் கணவருக்கு.

அவரை எல்லாரும் தேன்வாய் என்பார்கள். கட்டுமானக் கம்பெனிக்காக, குடியிருப்பவர்களிடம் பேசி வீட்டைக் காலி செய்ய வைப்பது அவர் வேலை. அந்த ஊர் மட்டும் மசியவில்லை. நானூறு வருஷத்துக் கல்வீடுகள். ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பே வாங்கிவிட்டார்கள். ஓர் ஆளாவது அங்கே குடியிருக்கும்வரை கம்பெனி ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது.

ஆளே இல்லாமல் செய்துவிட்டால் போயிற்று என்று இறங்கினார் தேன்வாய். பேச்சில் மயங்கியவர்கள் முதலில் போனார்கள். மற்றவர்களின் கிணற்றில் ஒருநாள் காலை டீசல் மிதந்தது. அவர்களும் போனார்கள். மிஞ்சியவர் தச்சர் ஒருவர்தான். ஒண்டிக்கட்டை. ஆஸ்துமாக்காரர்.

"நான் செத்தாத்தான் இந்த ஊர் காலியாகும்," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தேன்வாய் சிரித்துக்கொண்டே திரும்பினார். குழாய் பதிக்கப் போவதாகச் சொல்லி, ஊருக்கு இருந்த ஒரே வழியின் குறுக்கே பள்ளம் வெட்டினார். மேலே ஒரு பலகை. ஆள் நடக்கலாம், வண்டி போகாது. அந்த வாரமே தச்சருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. தட்டுத் தடுமாறி நடந்து வந்த தச்சர், பலகையை எட்டுவதற்குள் விழுந்தார்... அவ்வளவுதான்.

அவரை அடக்கம் செய்த மறுநாள்தான் அந்த ஒரு மணி. ஊர் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு வர, தேன்வாய் பலகையைத் தாண்டிப் போனார்.

சந்தில் அவர் செருப்புச் சத்தம் மட்டும். இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் வீடுகள். பிறகு... சர்ர்க்... சர்ர்க்... மரம் இழைக்கிற சத்தம். தச்சர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. மேசைமேல் மரச்சுருள் குவிந்து கிடந்தது. தொட்டார். சூடாக இருந்தது. புது மரவாசனை... அதோடு கலந்து, வியர்வை.

வெளியே வந்தார். சந்தின் கோடியில் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. டக். அடுத்த வீடு. டக். அதற்கடுத்தது. ஒவ்வொரு வீடாக, உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டே, சத்தம் அவரை நோக்கி வந்தது. வந்து நின்றது. பிடரிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"எல்லாரையும் அனுப்பிட்டீங்க. யாராவது ஒருத்தர் இருக்கணுமே... பதில் ஆள் வர்ற வரைக்கும் நீங்க இருங்க."

ஓடினார். பலகையில் கால் வைத்ததும் நெஞ்சில் விசில் சத்தம்... உதடு நீலம் பாரித்தது. பின்னால் சாய்ந்து விழுந்தார், மூச்சு வந்தது. மறுபடி எழுந்து போனார். மறுபடி அதே. காரில் காத்திருந்த அவருடைய டிரைவர் ஓடிவந்து, பலகையில் நின்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கண் செருகியதும் பயந்துபோய் விட்டுவிட்டான்.

கோர்ட் அதிகாரி வந்து, பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தார். ஓர் ஆள் குடியிருக்கிறார். தீர்ப்பு செல்லும். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கியது. ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் விட்டு, மிச்சமிருந்த தச்சர் கிணற்றிலும் டீசல் இறக்கியது. எல்லாம் தேன்வாய் கற்றுக்கொடுத்த வித்தைதான்.

மனைவி தினமும் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவந்து பலகை நடுவில் வைப்பாள். அவர் கொம்பால் இழுத்துக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார். என்ன நோயோ என்று அவள் அழுதாள். பதில் ஆள் விஷயத்தைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை.

ஒருநாள் சொன்னார். "உன் முகத்தைப் பக்கத்துல பார்த்து எவ்வளவு நாளாச்சும்மா. ஒரு நிமிஷம் இங்க வந்துட்டுப் போயேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவர் அவளிடம் பேசியதே இல்லை. அது வெளியாட்களுக்கென்று வைத்திருந்த குரல். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பலகையைத் தாண்டினாள்.

அவர் அவளைத் தொடக்கூட இல்லை. ஒதுங்கி வழிவிட்டு, பலகையில் கால் வைத்தார். மூச்சு சீராக வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"என்னங்க... எனக்கு நெஞ்சை அடைக்குதுங்க..."

காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இப்போது வேறு ஊரில் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். அந்த ஊரும் அப்படியே நிற்கிறது. ஒரு கல்கூட அசையவில்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் என் நண்பன் அலறியடித்துக்கொண்டு ஓடினான். அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். இவனைப் பார்த்ததும் தலையை வேகவேகமாக ஆட்டினாள். வராதே, வராதே என்று...

"தம்பி... வெயில்ல ஏன்டா நிக்கிற? உள்ள வா."

அக்காவின் குரல்தான். சின்ன வயதில் விளையாட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவாளே, அதே கொஞ்சல். அவன் கால் தானாகப் பலகைக்குப் போனது. அப்போதுதான் கவனித்தான்...

அவள் இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.