பிடி விட்டால் எங்கே போகும்?

அள்ளிக் கொடுத்தே பழகிய கைகளுக்குச் சொந்தக்காரர், இந்த அவையின் தலைவி, நேமத்தான்பட்டி தேனம்மை ஆச்சி அவர்களே! சிங்கம்புணரி மண்ணில் பிறந்து, சென்னை மருத்துவமனையில் கதிரியக்க உலோகத்தோடு அன்றாடம் போராடும் மருத்துவர் ஆன் மேரி அவர்களே! முன்வரிசையில் விசிறியும் கையுமாக வீற்றிருக்கும் பெரியவர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தவிடு படிந்த சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் புதுவயல் ஆலைகளிலிருந்து லாரி ஏறி வந்த என் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் அரிசி ஆலை குழந்தைவேலுவின் நடுங்கும் வணக்கம்.

நடுங்கும் வணக்கம் என்றேன். பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தம்பி. மேடை ஏறியவர்கள் வீரத்தைப் பேசுவார்கள், வெற்றியைப் பேசுவார்கள். நான் பயத்தைப் பேச வந்திருக்கிறேன். இந்தப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேச என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி இந்தக் காரைக்குடி வட்டாரத்தில் கிடைக்கமாட்டான் என்றுதான் ஆச்சி என்னை அழைத்திருக்கிறார்கள்.

அதோ, மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் தலைக்கு முக்காடு போட்டு அமர்ந்திருப்பவள் என் மனைவி அன்னக்கிளி. இன்று சாயங்கால ரயிலில் நாங்கள் சென்னைக்குப் புறப்படுகிறோம். அவள் உடம்புக்குள் போன மருந்து கட்டியைக் கரைத்ததா, இல்லை கட்டி மருந்தை வென்றுவிட்டதா என்று நாளைக்குப் படம் எடுத்துச் சொல்லப்போகிறார்கள். அதை நினைத்தால் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் கை வியர்க்கிறது.

அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை என்றாள். வலிக்காத கட்டிக்கு யார் பயப்படுவார்கள்? நான் பயந்தேன். நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, கட்டி மறைந்தது, முடி முளைத்தது, கூடவே கட்டியும் முளைத்தது. இனி கொடுக்க மருந்தில்லை என்று ஒருவர் கைவிரித்தபோதுதான் ஆன் மேரி டாக்டர் எங்களை உட்காரவைத்து, ஆய்வில் இருக்கும் ஒரு புதிய முறையைச் சொன்னார்.

நம் ரத்தத்தில் சில புரதங்கள் இருக்கின்றன. எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டு வாசலை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. அப்படியொரு புரதத்தை, புற்றுநோய் உயிரணுக்களின் வாசலைத் தேடிப் போகும்படி ஆய்வகத்தில் உருவாக்குகிறார்கள். அதன் முதுகில் நண்டுக் கொடுக்கு போன்ற ஒரு பிடியைப் பொருத்துகிறார்கள். அந்தப் பிடிக்குள் இட்ரியம் என்கிற கதிர் வீசும் உலோகத்தைக் கவ்வ வைக்கிறார்கள். புரதம் வழி காட்டும், பிடி கொண்டு சேர்க்கும், உலோகம் சுட்டெரிக்கும்.

கேட்கவே நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கு அப்போதும் பயம்தான்.

"டாக்டரம்மா, போற வழியில அந்தப் பிடி விட்டுருச்சுன்னா? அந்த உலோகம் எங்குட்டுப் போகும்?" என்று கேட்டேன்.

டாக்டர் மழுப்பவில்லை. "எலும்புக்குப் போகும்யா. எலும்புக்குள்ளதான் ரத்தம் பிறக்குது. அங்க போய் உக்காந்து சுட்டுச்சுன்னா நல்ல ரத்தமும் செத்துரும்" என்றார்.

தாய்மார்களே, அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆலையில் கொதிகலன் சீறினால் அந்தக் கேள்வி. மூட்டையைக் கொக்கி போட்டுத் தூக்கினால் அந்தக் கேள்வி. பிடி விட்டால் எங்கே போகும்? பிடி விட்டால் எங்கே போகும்?

அந்தப் பிடி விடும் நிலைமையும் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? பகையால் வரவில்லை, பாசத்தால் வந்தது. அதைச் சொல்ல ஆச்சியே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். "ஒளிக்காமச் சொல்லுங்க, நாலு பேரு கேக்கட்டும்" என்று இப்போதும் தலையாட்டுகிறார்கள், பாருங்கள்.

அந்த மருத்துவமனைக்கு ஓர் அறையைக் கட்டிக் கொடுத்தவர் ஆச்சி. ஒருமுறை சுற்றிப் பார்க்கப் போனவர், மருந்தில் சேர்க்கும் உப்பை அள்ளுவதற்குக்கூட அங்கே ஆய்வகத்தில் பிளாஸ்டிக் கரண்டி வைத்திருப்பதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறார். நம் ஊர்க் கல்யாணத்தில் சீராகப் பரப்பி வைக்கிற பாத்திர சாமான்களை நினைத்துப் பாருங்கள்! ஊர் திரும்பியதும் புத்தம் புது எவர்சில்வர் கிண்ணங்களும் கரண்டிகளும் வாங்கி, நம் வழக்கப்படி ஒவ்வொன்றிலும் பேர் வெட்டி அனுப்பினார். காம்பில் இடம் போதாமல் 'நேமத்தான்பட்டி தேனம்மை ஆச்சி' என்று கரண்டியின் குழிக்குள்ளேயே வெட்டிவிட்டார் பேர் வெட்டுகிறவர்.

அன்னக்கிளிக்கு ஊசி போடுகிற நாளில் ஆச்சி அங்கே வருவதாக இருந்தது. ஆய்வகத்தில் வேலை பார்த்த அழகுசுந்தரம் நம் காரைக்குடிக்காரர். "ஆச்சி வாராக. அவுக குடுத்த சாமானைப் புழங்காம வச்சிருந்தா மனசு சங்கடப்பட மாட்டாகளா?" என்று எண்ணி, மருந்துக்கான கரைசலுக்கு அந்தக் கரண்டியாலேயே உப்பை அள்ளிப்போட்டுக் கலக்கிவிட்டார். வேறு ஊர்க்காரர் யாராவது இதைச் செய்வாரா? கொடுத்தவர் மனம் கோணக்கூடாது என்று நடுங்குகிற நம் ஊர்க்காரர்தான் செய்வார்.

பேர் வெட்டினால் எழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் தங்கும். அந்தத் தூள் கரைசலில் இறங்கியது. கதிர் உலோகத்துக்காகக் காத்திருந்த கொடுக்குகளில் இரும்பு முந்திக்கொண்டு உட்கார்ந்தது. பின்னால் வந்த இட்ரியத்துக்கு இடமில்லை. அது பிடியில்லாமல் அலைந்தது.

உள்ளே என் மனைவி படுத்திருக்கிறாள். கையில் ஊசிக்குழாய் ஏற்றியாகிவிட்டது. வெளியே மாலையோடு ஆச்சி. பக்கத்தில் பெரிய டாக்டர். மணிக்கு மணி வீரியம் குறைகிற உலோகம் அது, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது, வீணானால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. "ஆரம்பிங்கம்மா, எல்லாரும் காத்திருக்காங்க" என்கிறார் பெரிய டாக்டர்.

ஆன் மேரி டாக்டர் ஆரம்பிக்கவில்லை. அன்னக்கிளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, மருந்தில் ஒரு சொட்டை எடுத்துத் தாள் கீற்றின் அடியில் வைத்து, நீரில் நிறுத்தினார். புரதத்தோடு சேர்ந்த உலோகம் வைத்த இடத்திலேயே நிற்கும், பிடி இல்லாதது நீரோடு மேலே ஏறிவிடும். கதிர் பட்டால் சத்தமிடும் கருவியைத் தாளின் அடியில் காட்டினார், சத்தம் குறைவு. உச்சியில் காட்டினார். ஐயா, உச்சியில் அது அலறியது! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அது கேட்டது.

"குடுக்க மாட்டேன், சார்" என்றார் டாக்டர். குரல் நடுங்கியது. கை நடுங்கியது. பெரிய டாக்டர் முகம் சிவந்தது. "கொஞ்சம்தானே விலகியிருக்கும்?" என்றார். "கொஞ்சமில்ல, சார். எனக்குப் பயமா இருக்கு. குடுக்க மாட்டேன்" என்று மறுபடியும் நடுங்கிக்கொண்டே சொன்னார். அந்த மருந்து என் மனைவிக்குப் போகவில்லை.

அழகுசுந்தரம் கரண்டி விஷயத்தைச் சொல்லி, காரணம் தெரிந்தபோது ஆச்சி மாலையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "எம் பேரா அந்தப் புள்ள உசுருக்குக் குறுக்க வந்துச்சு?" என்று அவர்கள் கேட்டதை நான் என்றும் மறக்கமாட்டேன்.

நான் என்ன செய்தேன்? வேறென்ன செய்வேன், ஓடப் பார்த்தேன்! "அன்னக்கிளி, வேணாத்தா. ஊருக்குப் போயிருவோம். இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது" என்று அழுதேன்.

அவள் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "அந்த டாக்டரம்மா கை நடுங்குச்சே, பாத்தீகளா?"

"பாத்தேன். அதனாலதான் பயமா இருக்கு."

"எனக்கு அந்தக் கைதான் வேணும். நடுங்காத கையா இருந்திருந்தா இந்நேரம் அந்த மருந்து எனக்குள்ள போயிருக்கும். நீங்க வெளிய போயி உக்காந்து பயப்படுங்க. நான் போட்டுக்கிறேன்."

அடுத்த விமானத்தில் உலோகம் வந்தது. பிளாஸ்டிக் கரண்டி வந்தது. மறுபடியும் தாள், மறுபடியும் சொட்டு, மறுபடியும் கருவி. அடியில் அலறியது, உச்சியில் அடங்கியது. மருந்து அவள் ரத்தத்தில் இறங்கியது. நான் அவள் சொன்னபடியே வெளியே உட்கார்ந்து பயந்தேன்.

இங்கே வீற்றிருக்கும் என் மக்களே! பயப்படாதே, பயப்படாதே என்று நமக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். நான் சொல்கிறேன், பயப்படுங்கள்! கழுத்தில் கட்டி வந்தால் பயப்படுங்கள். மார்பில் தடிப்பு வந்தால், ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படாதீர்கள், அந்தத் தடிப்புக்குப் பயப்படுங்கள். மாலை காத்திருக்கிறதா, மரியாதை காத்திருக்கிறதா? காத்திருக்கட்டும்! மரியாதைக்குப் பயந்த கை தவறு செய்தது. உயிருக்குப் பயந்த கை அந்தத் தவறைத் தடுத்தது. எந்தப் பயம் உங்களுக்கு வேண்டும்? சொல்லுங்கள், எந்தப் பயம் வேண்டும்?

என்ன, அன்னக்கிளி கை காட்டுகிறாள். என்னம்மா? சத்தமாகச் சொல்.

"பேசுனது போதும், வாங்க! ரயிலுக்கு நேரமாச்சு!"

கேட்டீர்களா? பயம் எனக்கு, அவசரம் அவளுக்கு. இதோ வந்துவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கரண்டியை ஆச்சி திரும்பக் கேட்டு வாங்கி, கழுவி, எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். "இது இனிமே உங்க வீட்டுல கஞ்சி ஊத்தட்டும், ஆத்தா" என்றார்கள். இன்று காலையும் அதில்தான் அவளுக்குக் கஞ்சி ஊற்றினேன். ஆச்சியின் பேர் தெரிகிறவரைக்கும் வழித்துக் குடித்தாள். நாளைக்கு என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. வழியில் பசிக்கும் என்று அவள் அந்தக் கரண்டியையும் பையில் எடுத்து வைத்திருக்கிறாள்.

கேட்டிருந்த செவிகளுக்கும், என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் பயந்த நெஞ்சங்களுக்கும் நன்றி. ரயிலுக்கு ஓடுகிறேன். வணக்கம்.