நெஞ்சிலிருந்து வந்த கன்னம்

ஸம்ஸியா: கண்ணாடிய வைங்க. பாத்துப் பாத்தே தேஞ்சிரும்.

அச்சிமுகம்மது: கண்ணாடியா?

ஸம்ஸியா: கன்னம். கொழும்பு டொக்டர் ஒரு பகல் முழுக்க நிண்டு தச்ச கன்னம்.

அச்சிமுகம்மது: அதில சுருட்ட முடி மொளைக்குது புள்ள.

ஸம்ஸியா: நெஞ்சுச் சதைய தோலோட இழுத்துக் கொண்டந்து வச்சா, நெஞ்சு முடிதானே மொளைக்கும். தாடியெண்டு நெனச்சிக்கொள்ளுங்க.

அச்சிமுகம்மது: ஒரு பக்கம் சுருள், மத்தப் பக்கம் நேர்... நாளைக்கு கலியாணத்தில ஊரே பாக்கும்.

ஸம்ஸியா: பாக்கட்டும். வெத்தில போட்டுப் போட்டு பாதித் தாடைய புத்துநோய்க்குக் குடுத்த மனிசன், உசிரோட வந்து நம்மட மகள்ர கலியாணக் காவின்ல இரிக்காரெண்டு பாக்கட்டும்.

அச்சிமுகம்மது: இரிப்பன். ஆனா மாப்புள்ளட கையப் புடிச்சு நிக்காஹ் செல்லிக் குடுக்கிறது என்ட தம்பி.

ஸம்ஸியா: பெத்த வாப்பா நீங்க இரிக்கக்குள்ள தம்பி என்னத்துக்கு?

அச்சிமுகம்மது: என்ட கத தெளிவில்ல, வாய் கொழறுது.

ஸம்ஸியா: காலையில இருந்து என்னோட சண்ட புடிக்கிறது ஆரு? எல்லாம் வெளங்குதே. உள்ளதச் செல்லுங்க.

அச்சிமுகம்மது: சிரிக்கப்படா.

ஸம்ஸியா: சிரிக்கல்ல.

அச்சிமுகம்மது: இப்பவே சிரிக்காய்.

ஸம்ஸியா: இல்ல... செல்லுங்க.

அச்சிமுகம்மது: இந்தக் கன்னம் நெஞ்சுச் சதைதானே, இன்னமும் கையோட சேந்துதான் வேல செய்யுது. கைய இறுக்கினா கன்னம் துடிக்குது. நேத்து வயல்ல மண்வெட்டியப் புடிச்சன்... தவள மாதிரித் துள்ளிச்சு.

ஸம்ஸியா: தவள...

அச்சிமுகம்மது: பாத்தியா, சிரிக்காய்.

ஸம்ஸியா: தவளயெண்டா சிரிக்காம என்ன செய்ற?

அச்சிமுகம்மது: சூறாவளிக்குப் பொறகு ஓடு போட்ட பள்ளிவாசல் நெறஞ்சு சனம் இரிக்கும். கை புடிக்கிற நேரம் பாத்து இது துள்ளினா? அந்த மருதமுனப் பொடியன் பயந்து, ஏத்துக்கிட்டனெண்டு கபூல் செல்ல மறந்திருவான். எனக்கு வெக்கம் பெரிசில்ல புள்ள. மகள் முனவ்வறாட கலியாணம் பகிடியாப் போயிரப்படா.

ஸம்ஸியா: கையத் தாங்க.

அச்சிமுகம்மது: என்னத்துக்கு?

ஸம்ஸியா: நான்தான் மாப்புள்ள. செல்லுங்க.

அச்சிமுகம்மது: ஒனக்கென்ன பைத்தியமா...

ஸம்ஸியா: இறுக்கிப் புடிங்க.

அச்சிமுகம்மது: ...என்ட மகள் முனவ்வறாவ ஒங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தன்.

ஸம்ஸியா: ஏத்துக்கிட்டன்.

அச்சிமுகம்மது: துடிச்சிச்சா?

ஸம்ஸியா: துடிச்சிச்சு. நல்லாவே துடிச்சிச்சு.

அச்சிமுகம்மது: அப்ப?

ஸம்ஸியா: மகளக் குடுக்கக்குள்ள மத்த வாப்பாமாருக்கு உள்ளுக்குத் துடிக்கும். ஒங்களுக்கு வெளிய தெரியிது. அவ்வளவுதான்.

அச்சிமுகம்மது: ...தம்பி நாளைக்கு வாறான். அவனுக்கு என்ன செல்லுற?

ஸம்ஸியா: அவர் சும்மா கலியாணத்துக்குத்தான் வாறார், இது ஒண்டும் தெரியா. கை புடிக்க வரச்செல்லி நீங்க எழுதின காயிதத்த நான் தபால்ல போடல்ல. றங்குப்பெட்டியில, என்ட சாறிக்கு அடியில கிடக்கு. ஏசுறதெண்டா ஏசுங்க.

அச்சிமுகம்மது: தெரியும் புள்ள. அஞ்சு நாளைக்கு முந்தியே கண்டன். கையில எடுத்தன்... மறுகா அந்தச் சாறிக்கு அடியிலயே வச்சிட்டன்.