ராஜாம்பாள் வாங்காத வண்டி

— இன்னொரு வாட்டி சொல்லுங்க சார், காது குளிர கேட்டுக்கறேன். நான் மோட்டார் பைக் வாங்கியிருக்கேனா?

— நான் சொல்லல மதாம். உங்க கடன் ரிப்போர்ட் சொல்லுது. ராஜாம்பாள், கணவர் பெயர் தேவதாஸ், கோரிமேடு. பைக் லோன் எடுத்துட்டு மாசக்கணக்கா கட்டல.

— பாஸ்கால் சார், என்னை நல்லா பாருங்க. ரெண்டு முட்டியும் போச்சு. என் மெஸ் வாசப்படியவே செவுத்தப் புடிச்சிட்டுதான் ஏறறேன். நான் பைக்ல பறக்கறேனாக்கும்?

— அதனாலதானே மதாம், தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொன்னேன்.

— மூணு தடவ குடுத்தாச்சு. மொத தடவ, பாக்கறோம்னாங்க. அடுத்த தடவ, மெட்ராஸ் போயிருக்குன்னாங்க. கடைசியா, நீ ராஜாம்பாள்தான்றதுக்கு இன்னா அத்தாட்சின்னு கேக்கறாங்க. கடன் குடுத்தப்ப இந்தக் கேள்வி எங்க போச்சாம்?

— கோவப்படாதீங்க. கடன் குடுத்த பைனான்ஸ் கம்பெனி தப்புன்னு ஒத்துக்கிட்டாதான் ரிப்போர்ட்லேர்ந்து எடுப்பாங்க. அவங்க ஆளையே இன்னிக்கு இங்க வரச் சொல்லியிருக்கேன்.

— வரட்டும், வரட்டும். நான் மெஸ் நடத்தற கடைய விக்கறான் ஓனரு. நான் வாங்கலன்னா செல்போன் கடைக்காரன் வாங்கிடுவான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வர்ற சனம் இட்டிலிக்கு பதிலா ரீசார்ஜ் கார்டைத்தான் மென்னு தின்னணும். கடைய வாங்க உங்க பேங்க்ல லோன் எல்லாம் ரெடின்றீங்க, இந்தப் பைக்கு மட்டும் குறுக்க நிக்குது.

— இதோ வந்துட்டார். வாங்க காத்தவராயன், கூப்பிட்டதும் வந்ததுக்கு மெர்சி. அன்னிக்கு ஷோரூம்ல இந்த லோனைப் போட்டது நீங்கதானே? இவங்களைத் தெரியுதா?

— இந்தம்மாவா? இல்ல சார். சத்தியமா நேர்ல பாத்ததே இல்ல.

— அடா அடா! உன் வாய்க்கு சக்கரைதான் போடணும். கேட்டீங்களா சார்?

— கேட்டேன் மதாம். ஆனா காத்தவராயன், ராஜாம்பாள் வராமலே ராஜாம்பாளுக்கு எப்படி லோன் குடுத்தீங்க?

— போட்டோ இருந்துச்சு சார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருந்துச்சு. கையெழுத்து இருந்துச்சு. ஆளு மட்டும்தான் இல்ல. மாசக் கடைசி சார், டார்கெட்டு...

— ஆளு மட்டும்தான் இல்லியாம்! இன்னா நேக்கா சொல்றான் பாருங்க. நேர்ல வந்து குந்தியிருக்கற ராஜாம்பாளுக்கு லோன் கெடையாது. வராத ராஜாம்பாளுக்கு அன்னிக்கே சாவி!

— தப்புதாம்மா. விட்டுடுங்கம்மா.

— மதாம், இனிமே வேலை சுலபம். வாங்கினது நீங்க இல்லன்னு இவர் எழுதித் தரட்டும். நீங்க போலீஸ்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுங்க. உங்க பேரு சுத்தமாயிடும், கடையும் உங்களுக்கே.

— இப்பவே குடுக்கறேன் சார். என் பேர்ல சவாரி பண்றவன் கையில வெலங்கு மாட்டி, பீச் ரோட்டுல ஊரே வேடிக்க பாக்க நடத்திட்டுப் போவணும். எவன்யா அவன்?

— அரியாங்குப்பத்துப் பையன்மா. அப்பதான் கல்யாணம் ஆனவன், பேரு செம்மல். பொண்டாட்டியோட வந்தான். அந்தப் பொண்ணுதான், எங்க அம்மா பேர்ல எடுக்கறோம், அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லி உங்க போட்டோவக் குடுத்துச்சு.

— எங்க அம்மான்னா சொன்னா?

— ஆமாம்மா. கவிநிலான்னு பேரு. கையெழுத்தும் அதுதான் போட்டுச்சு.

— மதாம், கவிநிலா உங்க பொண்ணாச்சே! எனக்குக்கூட கல்யாணப் பத்திரிக வெச்சீங்களே?

— சினேகிதன் வண்டின்னான் சார் மாப்பிள்ள. பொங்கலுக்கு அதுலதான் வந்து எறங்கினான். நானே ஆரத்தி எடுத்தேன்... ஏம்பா, எம்பொண்ணு அன்னிக்கு எப்படி இருந்தா?

— அவன் சொல்லிக்குடுத்தத ஒப்பிச்சுதும்மா. அவன் காட்டின எடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டுச்சு. உதடு வீங்கியிருந்துச்சு. பல்லு வலின்னான் அவன். சீருக்கு வண்டி கேட்டதுக்கு எங்க அத்த கிண்டல் பண்ணாங்க, இப்பப் பாத்தியான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

— காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளன்னேன். கல்யாணப் பந்தியே சிரிச்சுது.

— மதாம், இவனைச் சும்மா விடக்கூடாது. மோசடிக் கேஸ். உள்ள தள்ளிடலாம்.

— கையெழுத்துப் போட்டது யாரு சார்?

— அது... உங்க பொண்ணு.

— அப்ப யாரு உள்ள போவாங்க?

— ரெண்டு பேரும்தான். ஆனா நீங்க கம்ப்ளெய்ண்ட் குடுக்கலன்னா இந்தக் கடன் உங்க பேர்லயே இருக்கும் மதாம். நான் லோன் தர முடியாது. கடை கையை விட்டுப் போயிடும்.

— போவட்டும். தள்ளுவண்டியில இட்டிலி வேவாதா? காத்தவராயா, தவண கட்டலன்னா வண்டிய இன்னா பண்ணுவீங்க?

— வீடு தேடிப் போய் தூக்கிட்டு வருவோம்மா. கடன் வாங்கினவங்களே கூட வந்து ஒப்படச்சா இன்னும் சுளுவு.

— அப்ப ரிப்போர்ட்ல ஒரு தப்பும் இல்லன்னு எழுதிக்குங்க சார், வண்டி என்னுதுதான். எழுந்திருப்பா காத்தவராயா, அரியாங்குப்பம் போலாம், நீ வண்டியத் தூக்கு, நான் எம்பொண்ணக் கூட்டியாறேன்.