நூத்திப் பன்னண்டும் பச்ச

நூத்திப் பன்னண்டு டெஸ்டும் பச்ச. ஆனா எடிட்டர் தப்பு. இப்டி ஒரு அநியாயத்த எங்கனா பாத்துகிறியா நைனா? இன்னா மொறைக்கற? ஜன்னலாண்ட எடம் வோணும்னு நீதான உள்ள போயி குந்தன? நான் கால நகத்தனாதான் எறங்க முடியும். கேளு.

எடிட்டர்னா பேப்பர்காரன் இல்லய்யா. கம்ப்யூட்டர்ல புரோகிராம் அடிக்கற சிலேட்டு மாதிரி. ஒரு வரிக்குள்ள அடங்கற வரி நாலு எடம் தள்ளி நிக்கணும். அது முடிஞ்சா அடுத்த வரி வெளிய வந்துடணும். எண்டர் தட்டனா எடிட்டரே கரெக்டான எடத்துல நிறுத்தணும். அந்த ரூலு பூரா நான் எழுதனது. மெட்ராஸ்ல முப்பது வருஷம் இதே பொயப்பு. ரிட்டயர் ஆயி சாலவாக்கம் வந்தும் வுடல. உத்திரமேரூர்ல தேவயானின்னு ஒரு அம்மா கம்ப்யூட்டர் ஆபீஸ் வெச்சிகீது. அங்கதான் போய்க்கினுகிறேன். இந்த டிரைவர் இன்னா, மாட்டுவண்டியா ஓட்டறான்? பத்து மணிக்குள்ள போயாவணும்யா!

இன்னா சொன்னேன்... ஆங், டெஸ்டு. நடவுல நாத்து நேரா நிக்க கவுறு புடிக்கறோம்ல? அத்த மாதிரி. எந்த வரி எங்க நிக்கணும்னு சரியான விடைய ஒரு பைல்ல அடிச்சி வெச்சிடணும். எடிட்டர் போடறதும் அதுவும் ஒண்ணா இருந்தா பச்ச. ஒரு எடம் தள்ளனாலும் செவப்பு. விடைங்கள அடிச்சது அங்க டைப்பிங் பாக்கற பொண்ணு. வெறும் நோட்பேட்ல, ஒவ்வொரு எடமா எண்ணி எண்ணித் தட்டுவா. 'நம்ம எடிட்டர் குத்துக்கல்லாட்டம் கீதே, அத்த வுட்டுட்டு இன்னாம்மா பேஜார் பண்ற'ன்னு நக்கல் வுட்டேன். சிரிச்சா. மறுபடி எண்ணிக்கினே இருந்தா.

எடிட்டர வாங்கனவங்க முந்தாநேத்து போன் மேல போன். வரி வெளிய வரல, புரோகிராம் ஓடலன்னு. 'எல்லாம் பச்சயா கீதே, எப்டி ஐயா?'ன்னு தேவயானி கேட்டா. நான் இன்னா பெருசா சொல்லிட்டேன்? 'விடைய அடிச்சவ தப்பா அடிச்சிகிறா.' அவ்ளோதான். நாலு வார்த்த. அதுக்குப் போயி அந்தப் பொண்ண வேலைய வுட்டே நிறுத்திட்டா! இன்னிக்கு பத்து மணிக்கு ஆபீஸ் சாவிய குடுத்துட்டு போறாளாம்.

நேத்து சாயங்காலம் அவகிட்டேர்ந்து மெயிலு. திட்டிகிறாளோன்னு தேடனேன். ஒரு வார்த்த இல்ல. 'ஐயா, நான் அடிச்ச விடையெல்லாம் பென்டிரைவ்ல அப்படியே இருக்கு. நடுவுல ஒரு நாள் யாரோ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எல்லா பைலையும் தொறந்து சேவ் பண்ணியிருக்காங்க. பழைய பைல வச்சி ஓட்டிப் பாருங்க.' ஓட்டனேன். ஒம்போது செவப்பு.

...யாரோன்னா யாரா? அது எதுக்குய்யா உனுக்கு?

...நான்தான். ஒரு நாள் நாஷ்டா முடிச்சிட்டு சும்மா குந்திக்கினு இருந்தேன். கை அரிச்சிச்சி. அவ விடைங்கள நம்ம எடிட்டர்லயே தொறந்தேன், அயகு பண்ணலாம்னு. சேவ் பண்ணா அது வரியெல்லாம் தானா நகத்தும். அந்த வசதியும் நான் வெச்சதுதான்! தப்பான எடிட்டரு சரியான விடைய தன்னாட்டமே திருத்திடுச்சி. கோணலா நட்டுட்டு, அந்தக் கோணல் மேலயே கவுறு புடிச்சா எல்லாம் நேரா கீற மாதிரிதான தெரியும்?

சிரிக்காத. பல்லு தெரியுது.

ரூல்ல எந்த வரி ஓட்டைன்னு அவளே கண்டுபுடிச்சி, மாத்தி எழுதி அதே மெயில்ல அனுப்பிட்டா. டைப் அடிச்சிக்கினே கத்துக்கினா போலகீது. நான் எண்டர் மட்டும் தட்டனேன். ஒம்போதும் பச்ச.

இப்ப அங்க போயி இன்னா சொல்றது? 'ஒரு சின்ன கொயப்பம்'னு ஆரம்பிக்கலாமா? 'கம்ப்யூட்டர் தப்பு'ன்னு? ...வேணாமா? சரிப்பா, நீ சொன்னா சரி.

ஏரிக்கரை ஸ்டாப்பிங்கா? எறங்கு, எறங்கு. மெதுவா... கால மிதிக்காத! அதான் வுட்டுட்டேன்ல.

இன்னாய்யா, கீய நின்னுக்கினு ஜன்னல தட்ற? அந்தப் பொண்ணு பேரா? யாரு சரி பண்ணதுன்னா? அட, பஸ்ஸு கெளம்புது, போய்யா...

சரி, கேட்டுக்கோ. பத்து மணிக்கு எல்லார் எதுர்லயும் சொல்லணும், இப்பவே வாய்க்கு பயக்கறேன். கெடுத்தது நானு. சரி பண்ணது... இஞ்சின் சத்தத்துல கேக்கலயா? வளர்மதி! வளர்மதி!