சேற்றுவெளிக்கு வந்த மலர்வளையங்கள்

இல்லை, மலர்வளையத்தின் ரிப்பனில் நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. "ஆழ்ந்த இரங்கல், மாவட்டத் தலைவர்" என்பது மாவட்ட அலுவலகமே அச்சடித்து அனுப்பியது.

என் பெயர் பியோன் யூன்சல். வயது 17. தென்கொரியா மேற்குக் கடலோரம் ஒக்தோ கிராமத்தில், பெரியம்மா தோ கும்ரே வீட்டில் வசிக்கிறேன். அவர் பக்கத்தில் இருக்க இதைச் சொல்கிறேன்.

என் அம்மா இருபத்திரண்டு வருடம், கடல் வற்றும்போது தெரியும் ஊர்ச் சேற்றுவெளியில் மட்டி பொறுக்கினார். மார்ச் 4ஆம் தேதி ஈரல் நோயால் இறந்தார். மருத்துவமனை இரங்கல் கூடத்தில் மூன்று நாள் துக்கம். நான் பெண் என்பதால், அம்மாவை எட்டு வருடமாகப் பார்க்காத மாமா மகன், கையில் கோடு போட்ட பட்டை கட்டி, முதல் துக்கக்காரராக நின்று எல்லாருடைய வணக்கத்தையும் வாங்கினார். நான் காரச் சூப்பு பரிமாறினேன். மாவட்டத் தலைவர் வரவில்லை. அவருடைய ஆளுயர மலர்வளையம் வந்தது. முடிந்ததும் பூக்கடைக்காரர் மறுபடி விற்க அதைத் திருப்பி எடுக்க வந்தபோது நான் கொடுக்கவில்லை. அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. படுத்திருந்தேன்.

அதன்பிறகு 25ஆம் தேதி பெரியம்மா, "ஏண்டி, பிளாஸ்டிக் பூவுக்குக் காவலா? என் கூடைய எங்க வைக்கிறது?" என்று கேட்டதால், அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் குப்பைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். வழியில் கரையில் புதிய பலகை. சேற்றுவெளியை மண் கொட்டி மூடி கோல்ஃப் மைதானம் வரும் என்றும், ஏப்ரல் 18இல் கருத்துக் கேட்பு என்றும் மாவட்டத் தலைவர் பெயரில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். அதன்பிறகு மலர்வளையத்தை அதன் முன் இறக்கி வைத்தேன்.

மறுநாள் யாரோ படம் எடுத்து உள்ளூர்ச் செய்தியில் போட்டார். தலைவரே அனுப்பியிருக்கும்போது தாங்கள் சும்மா இருந்தால் நன்றாயிராது என்று மீனவர் கூட்டுறவுச் சங்கமும் ஒரு மலர்வளையம் அனுப்பியது. அதன்பிறகு முன்னாள் மாணவர் சங்கம். அதன்பிறகு இரண்டு வங்கிகள். நான்காம் நாள் மைதானம் கட்டப்போகும் நிறுவனமே அனுப்பியது. மொத்தம் 14.

வந்தவர்கள் வணங்கினார்கள். பதிலுக்கு வணங்க யாரும் இல்லாததால் துக்கக்காரர் இடத்தில் நான் நின்றேன். இறந்தது யார் என்று கேட்டவர்களுக்குப் பலகையைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிலர் மறுபடி வணங்கினார்கள்.

30ஆம் தேதி தலைவரின் செயலாளர் மலர்வளையத்தை எடுத்துப்போக வந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் அவரும் வணங்கவேண்டியதாயிற்று. இறந்தவருக்குச் செய்வதுபோல் இரண்டு முறை, தரையில் நெற்றி பட. முழங்காலில் சேறு. அதையும் படம் எடுத்தார்கள். அதன்பிறகு, "பாப்பா, இது உங்கம்மாவுக்கு அனுப்பினது. இங்க யாரு செத்தா?" என்று கேட்டார்.

"இன்னும் சாகல சார். பதினெட்டாந்தேதிதான் தெரியும்."

"அப்ப எதுக்கு நிக்கிற?"

"அம்மாவுக்கு நிக்க விடல சார்."

அவர் மலர்வளையத்தில் கை வைத்தார். பெரியம்மா, "தாராளமா எடுத்துட்டுப் போங்க. தலைவருக்கு வருத்தம் தீந்துபோச்சுன்னு இவங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். அவர் கையை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு இந்தக் காவல் நிலையத்துக்குப் புகார் வந்தது.

அகற்றச் சம்மதமா என்று கேட்கிறீர்கள். தலைவர் கருத்துக் கேட்புக்கு நேரில் வந்து, தனக்கு இரங்கல் ஏதும் இல்லை என்று சொன்னால், நானே வண்டியில் ஏற்றித் தருகிறேன்.

இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புகிறேன்.

(ஒப்பம்) பியோன் யூன்சல்

பதிவு செய்தவர் குறிப்பு: ஒப்பமிட்டபின் மேற்படியார், கருத்துக் கேட்பில் பேச விரும்புவோர் பெயர் எழுதும் படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, முதல் வரியில் தன் பெயரை எழுதி, பேனாவைப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.