வெள்ளிக்கிழமைச் சோசோன்

— முந்தநாள் இந்த வீட்டில ஆர் ஆர் இருந்தது எண்டு நானே சொல்லுறன், இளையதம்பி, கேளும். விறாந்தையில பொம்பிளை பாக்க வந்த உம்மட அக்கா அன்னபாக்கியம், அவவின்ர மகன் மாப்பிள்ளை தவராசா, நீர். குசினியில என்ர தங்கச்சி இரஞ்சிதம், அவளின்ர மகள் விமலா. நான் ரெண்டு பக்கமும் நடந்துகொண்டு நிண்டனான். ஆறு பேர். ஏழாவது ஆள் இல்லை. பிறகெப்பிடி ஊருக்குள்ள கதை?

— கதை ஊரில பிறக்கேல்லை, மயில்வாகனண்ணை. மல்லாவியிலயிருந்து பஸ்ஸில நிண்டுகொண்டே வந்து முழங்கால் விட்டுப்போச்சு. அக்கா சொல்லிவிட்டதைச் சொல்லிப்போட்டுப் போறன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா அவவுக்குத் தந்த பலகாரத்தில முட்டை பூசியிருந்ததாம்.

— ஆர் கண்டது?

— அவவேதான். கை கழுவக் கிணத்தடிக்குப் போகேக்க சாம்பலுக்குள்ள முட்டைக்கோது தெரிஞ்சதாம். மூண்டு திண்டவா, அண்ணை. இருபது வருஷமா முட்டை, மச்சம் ஒண்டும் தொடாத மனிசி. வீட்ட போய்த் தலைமுழுகினவா, இன்னும் பச்சைத்தண்ணி குடிக்கேல்லை.

— காகம் கொண்டுவந்து போட்டிருக்கும்.

— போட்டிட்டுச் சாம்பலால மூடியும் விடுமோ?

— எங்கட வளவில நாலு கோழி நிக்குது. முட்டை கடைக்குப் போகும், குசினிக்குள்ள வராது. எங்கட குடும்பத்தில அப்பிடியொரு பழக்கமில்லை.

— குடும்பத்தைப் பற்றி ஆர் கதைச்சது? அரியதரமும் பயத்தம் பணியாரமும் வைச்சிருந்தா இந்த வில்லங்கமே இல்லை.

— மாப்பிள்ளை கொழும்பில படிச்சவர். எங்கட பிள்ளை கன்னியர் மடத்தில படிச்சவள் எண்டு தெரியவேண்டாமோ?

— தெரிஞ்சுது. நானும் நாலு திண்டனான். ஏடு ஏடா உதிர்ந்து வேட்டியெல்லாம் தூள். விமலா, இஞ்ச வா பிள்ளை. நில்லாத, இரு. கண்ணெல்லாம் உள்ளுக்குப் போயிருக்கு.

— அம்மாவுக்குக் காய்ச்சல், மாமா. இந்தக் கதை காதில விழுந்த நேரம் படுத்தவா.

— அந்தப் பலகாரம் எப்பிடிச் செய்தனீ? ஒண்டும் ஒளிக்காமச் சொல்லு.

— கோதம்பமாவும் எங்கட மாட்டு வெண்ணெயும். வெண்ணெய் இளகினாச் சரிவராது. அதால தூக்குச்சட்டியில போட்டுக் கயித்தில கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கி வைச்சனான். மாவுக்குள்ள வெண்ணெயை வைச்சு மடிச்சு உருட்டவேணும், பிறகு அதையும் கிணத்துக்குள்ள விட்டுக் குளிரவைக்கவேணும், திரும்ப மடிக்கவேணும். ஆறுதரம். தோள்மூட்டு இப்பவும் நோகுது. உள்ளுக்கு அன்னாசி ஜாம். மடத்தில இதைச் சோசோன் எண்டு சொல்லுவினம். பிறை மாதிரி மடிச்சு, மண்ணெண்ணெய்த் தகரத்தில செய்த போறணையில வைச்சு, மேலயும் கீழயும் தணல் போட்டனான்.

— மேல என்ன பூசினனீ?

— பால். மடத்தில பிரெஞ்சு மதர் முட்டைதான் பூசக் காட்டித் தந்தவா. உங்கட அக்கா சைவம் எண்டு அம்மா சொன்னவா. நான் பாலோட விட்டிட்டன்.

— கேட்டீரோ, இளையதம்பி? பால். போய் அப்பிடியே சொல்லும்.

— சொல்லுவன். ஆனால் என்ர சொல்லை அங்க ஆர் எடுக்கினம்? நான் வெறும் தூது. வாற வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில கற்பூரம் கொளுத்தி, பலகாரத்தில முட்டை இல்லையெண்டு பிள்ளை சத்தியம் பண்ணவேணுமாம். பண்ணினால் ஆவணியில கலியாணம். இல்லாட்டில் இதோட சரி.

— எங்கட பெட்டையைச் சந்நிதியில நிப்பாட்டிச் சத்தியம் வாங்கிறதோ? கள்ளியோ அவள்?

— நானும் அக்காவோட சண்டை பிடிச்சனான், அண்ணை. தவராசாவுக்கு விமலாவிலதான் விருப்பம். தாய்க்கு முன்னால வாய் திறக்கிறானில்லை. பிள்ளை, உனக்கு விருப்பமோ?

— விருப்பம்தான்.

— அப்ப ஒரு நிமிஷ வேலை. சொல்லிப்போட்டு வா.

— நான் முட்டை பூசேல்லை எண்டு சொல்லுறன்.

— அது காணாது. முட்டை இல்லை எண்டு சொல்லவேணும்.

— அதைச் சொல்லமாட்டன், மாமா.

— ரெண்டும் ஒண்டுதானே?

— இல்லை.

— விமலா, காணும். உள்ளுக்குப் போ.

— போறன், அம்மான். மாமா, நான்தான் பூசினனான் எண்டே சொல்லிவிடுங்கோ. இதோட இனி மல்லுக்கட்ட என்னால ஏலாது.

— இப்பத்தானே பால் எண்டாய்?

— பொய் சொன்னனான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. வேற ஆரையும் தேடாதேங்கோ.

— நான் எழும்பிறன், அண்ணை. அஞ்சு மணி பஸ்ஸை விட்டா லொறிதான். நீங்கள் பிரெஞ்சுத் துரையின்ர கந்தோரில பேனை பிடிச்ச கிளாக்கர், உங்கட தங்கச்சி மகள், வளர்ப்புப் பிழைக்காது எண்டுதான் அக்கா இந்தச் சம்பந்தத்துக்கு ஓமெண்டவா. முட்டைக் கதையோட இனி மல்லாவிப் பக்கத்தால ஒருத்தரும் இந்தப் பிள்ளையைக் கேட்டு வராயினம்.

— இரும்.

— பஸ் போயிடும்.

— இரும் எண்டு சொல்லுறன். அவள் பால்தான் பூசினவள். நீங்கள் படலைக்கு வந்த நேரம் தாயும் மகளும் முன்னால ஓடிவந்திட்டினம். நான் போறணையைத் திறந்து பாத்தனான். சோசோன் எல்லாம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறிப்போய்க் கிடந்தது. அப்பிடி ஒரு தட்டை என்னால வெளியில விடேலாது. ஒரு மஞ்சள் கருவைக் கோப்பையில அடிச்சு, விரலால பூசித் திருப்பி உள்ளுக்கு வைச்சனான். உம்மட அக்கா சைவம், அண்டைக்கு வெள்ளிக்கிழமை, ஒண்டும் நினைவில இல்லை. கை தன்ரபாட்டில செய்துபோட்டுது. தட்டை நானே விறாந்தைக்குக் கொண்டுவந்து, அவ ஒண்டைக் கடிக்கேக்கதான் நினைவு வந்தது. போய்க் கோதைச் சாம்பலுக்குள்ள தாட்டனான். கழுவாத கோப்பையை இவள் பிறகு கண்டவள். இந்த நிமிஷம்வரைக்கும் என்னட்ட ஒரு கேள்வி கேக்கேல்லை.

— அம்மான், வேண்டாம். உங்களை ஆரும் கேக்கேல்லை.

— கோதாரி. அண்ணை, நான் இதை அக்காவிட்டச் சொன்னா அவ முதல் கேக்கிறது இதுதான். கந்தோரில பேனை பிடிச்ச மனிசனுக்கு உந்தக் கைப்பழக்கம் எங்கால? நான் என்ன மறுமொழி சொல்ல?

— மயில்வாகனம் பிரெஞ்சுத் துரையின்ர கந்தோரில ஒன்பது வருஷம் கிளாக்கராயிருந்தவர் எண்டு ஊரில ஒரு கதை இருக்கு. அது பிழை. நான் அந்தத் துரையின்ர வீட்டுக் குசினியில சமைக்கிற கோக்கியா இருந்தனான்.